பொன்னுரங்கத்துக்காக நிற்காத கப்பல்

மாடம்பாக்கத்தில் மனை வாங்கிய யாரைக் கேட்டாலும் பொன்னுரங்கத்தைத் தெரியும் என்பார்கள். பாதிப் பேர் வருஷம் முழுக்க அவரைப் புகழ்வார்கள். மீதிப் பேர் ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் திட்டுவார்கள். நான் இரண்டாவது கட்சி. "ஏரி வியூ டீச்சர். வாசல்ல நாற்காலி போட்டு குந்தினா ஏரி தெரியும்" என்று சொல்லித்தான் எங்களுக்கு மனையை முடித்துக் கொடுத்தார். ஒரு பெருமழையில் ஏரியே எங்கள் வீட்டுக்குள் வந்து, அந்த நாற்காலியையும் இழுத்துக்கொண்டு போயிற்று. அவரிடம் போய்க் கேட்டதற்கு, "பாத்தீங்களா, நான் பொய் சொல்லல" என்றார்.

நான் தபீதாள். குரோம்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். என் கணவர் ஜீவரத்தினம் நல்ல மனிதர், ஆனால் யாரிடமும் 'வேண்டாம்' என்று சொல்ல வராது. எங்கள் வீட்டுத் துன்பங்களில் பெரும்பகுதி அந்த ஒரு குணத்தால் வந்தவை. ஏரி வியூவும் அப்படித்தான் வந்தது. ஜப்பான் கப்பலும் அப்படித்தான் வந்தது.

பொன்னுரங்கம் நிலத் தரகர். வாங்குகிறவரிடமும் கமிஷன், விற்கிறவரிடமும் கமிஷன். இப்படி இரண்டு பக்கமும் நடுவில் நின்றே மூன்று மாடி வீடு கட்டிய மனிதருக்கு, உலகத்தில் பிடிக்காத ஒரே ஜாதி நடுவில் நிற்கிறவர்கள். "நமக்கும் பொருளுக்கும் நடுவுல ஆள் இன்னாத்துக்கு?" என்பார். மகள் கல்யாணத்துக்குச் சமையல் கான்ட்ராக்டர் வேண்டாம் என்று தானே அரிசி பருப்பு வாங்கிப் போட்டு, தானே ஆள் பிடித்து வந்தார். மூன்றாவது பந்தியில் சாம்பாருக்குப் பதில் ரசம் வந்தது. ஐந்தாவது பந்தியில் ரசத்துக்குப் பதில் பொன்னுரங்கமே வந்து கைகூப்பினார்.

அவருக்கு இன்னொரு கொள்கையும் உண்டு. சொல்கிற விலையும் சொல்கிற நேரமும் உண்மையல்ல, இரண்டும் பேச்சை ஆரம்பிப்பதற்காகச் சொல்வது என்பார். இதில் அவரைக் குறை சொல்ல முடியாது. பத்திரப் பதிவுக்குப் பத்து மணி என்றால் ஒரு மணிக்குத்தான் கூப்பிடுவார்கள். ஆறுமணிக் கூட்டத்துக்குத் தலைவர் ஒன்பதுக்கு வருவார். வாழ்நாள் முழுக்க ஊரே கூடி அவருடைய கொள்கையை நிரூபித்துக் கொடுத்தால் அந்த மனிதர்தான் என்ன செய்வார்!

அவருடைய மனைவி ஜெயக்கொடி. மாடம்பாக்கத்தின் பழைய குடும்பம். நாங்கள் குடியிருக்கிற நகர் முழுவதும் ஒருகாலத்தில் அவள் அப்பா நெல் விளைத்த நிலம். அவள் பங்கைக் கூறுபோட்டு, கல் நட்டு, விற்றவர் பொன்னுரங்கம். மனைவி மனசு நோகக் கூடாது என்று அதற்கு 'ஜெயக்கொடி நகர்' என்றும் பெயர் வைத்தார். ஜெயக்கொடி நகரில் ஜெயக்கொடிக்கு ஒரு சென்ட் கிடையாது. நுழைவாயிலில் அவள் பெயரை எழுதிய பெயிண்டருக்காவது கூலி கிடைத்திருக்கும்.

அந்தப் பெண் நிலத்துக்காக ஒருநாளும் சண்டை போட்டதில்லை. அவளுக்கு ஆசை ஒன்றே ஒன்றுதான். பனியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். கல்யாணமான புதிதில் குலு மணாலி கூட்டிப்போகிறேன் என்று அவர் வாய் தவறிச் சொல்லிவிட்டார். மூன்று முறை டிக்கெட் எடுத்து, மூன்று முறையும் ஒரு ரிஜிஸ்ட்ரேஷன் குறுக்கே வந்து ரத்து செய்தார். ஃபிரிட்ஜில் உறைந்த பனியைச் சுரண்டிக் கையில் வைத்துக்கொண்டு அவள் நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். "சொம்மா பாத்தேன் டீச்சர்" என்று வெட்கப்பட்டுக்கொண்டு வாஷ்பேசினில் கொட்டிவிட்டாள். எனக்கு வந்த கோபத்தில் பொன்னுரங்கத்தை அந்த ஃபிரிட்ஜுக்குள் வைத்துச் சாத்தலாம் போலிருந்தது.

பெரும்பாக்கம் பக்கம் அடுக்குமாடி கட்டுகிற ஒரு கம்பெனி, நிறைய வீடு விற்றுக் கொடுத்த தரகர்களுக்கு வெளிநாட்டுப் பயணம் பரிசு கொடுக்கும். வழக்கமாக பாங்காக். போன சித்திரையில் என்ன தோன்றியதோ, ஜப்பானின் வடக்குத் தீவைச் சுற்றி வருகிற கப்பலில் இரண்டு பேருக்கு இடம் கொடுத்தார்கள். பொன்னுரங்கம் வழக்கம்போல அதையும் பணமாக மாற்றப் பார்த்தார். ஜெயக்கொடி குறுக்கே நின்றாள்.

"அந்த டிக்கெட்டை வித்தீங்கன்னா நான் எங்க அண்ணன் வூட்டுக்குப் போயிடுவேன்."

அண்ணன் வீடு அடுத்த தெருதான். ஆனாலும் மனிதர் பயந்துவிட்டார், ஏனென்றால் அவள் அதற்கு முன் எதற்கும் குறுக்கே நின்றதில்லை. பயணத் திட்டத்தை என்னிடம் கொண்டுவந்து, "இதுல எந்த ஊர்ல பனி கீது டீச்சர்?" என்று கேட்டாள். நான் இன்டர்நெட்டில் தேடிப் பார்த்தேன். ஒட்டாரு என்கிற துறைமுகத்துக்குப் பக்கத்து மலையில் சித்திரையிலும் பனி கிடக்குமாம். மற்ற ஊர்களில் எல்லாம் அதற்குள் உருகிவிடும். "ஒட்டாரு, ஒட்டாரு" என்று சொல்லிக்கொண்டே படி இறங்கிப் போனாள்.

எங்களை ஏன் கூப்பிட்டார் என்று கேட்கிறீர்களா? பொன்னுரங்கத்துக்கு இங்கிலீஷ் பேச ஆள் வேண்டும், சம்பளம் கொடுக்க மனசு வராது. "டீச்சர், நாம ஒரு குடும்பம் மாரி" என்றார். என் கணவர் வழக்கம்போலத் தலையாட்டினார். எங்கள் மகள் ஜெனி டிக்கெட் எடுத்துக் கொடுத்தாள்.

கப்பலில் ஏறியதுமே, கரை இறங்கும் விதிகளை ஒரு பெண் மேடையில் நின்று விளக்கினாள். கப்பலே நடத்துகிற பஸ் பயணங்கள் உண்டு. அதில் போனால், பஸ் தாமதமானாலும் கப்பல் காத்திருக்கும். சொந்தமாகப் போகிறவர்களும் போகலாம், தடையில்லை, ஆனால் அவர்களுக்காகக் கப்பல் நிற்காது. நான் தமிழில் சொன்னேன். ஜெயக்கொடி ஒட்டாரு மலைக்குப் போகிற பஸ்ஸில் பெயர் கொடுக்கலாமா என்று கணவரைக் கேட்டாள்.

பொன்னுரங்கம் சிரித்தார். "நடுவுல கப்பல்காரன் இன்னாத்துக்கு? நானே கூட்டிகினு போறேன். ஒரு டாக்சியைப் புடிச்சா மேட்டர் முடிஞ்சது."

"கப்பல் போயிட்டா?" என்றாள்.

"நாலு பேர் டிக்கெட் வாங்கிகினு ஏறிகீறோம். வுட்டுட்டுப் போயிடுவானா? அவன் சொல்ற டைமெல்லாம் ஜனங்களை பயமுறுத்தறதுக்கு."

முதல் துறைமுகம் முரோரான். கடலுக்கு மேலே நிற்கிற பெரிய பாறை முனை ஒன்று அங்கே பார்க்க வேண்டிய இடம். குளிர் காதைக் கடித்தது. என் கணவர் இரண்டு ஸ்வெட்டருக்கு மேல் கல்யாணக் கோட்டையும் போட்டிருந்தார். பஸ் பிடித்து அந்த முனைக்குப் போகிற வழியில், ஒரு தெருவில் வரிசையாகப் பூட்டிக் கிடந்த வீடுகளைப் பொன்னுரங்கம் பார்த்துவிட்டார். "இறங்கு, இறங்கு" என்று எல்லோரையும் இறக்கினார்.

அதன்பிறகு அன்றைக்குப் பாறையுமில்லை, முனையுமில்லை. காலடியால் மனையை அளந்தார். "கார்னர் பிளாட்டு. இருபது அடி ரோடு. நம்மூர்ல இதுக்கு அடிச்சுகினு சாவாங்கோ" என்று பெருமூச்சு விட்டார். வழியில் வந்த ஒரு பெரியவரை நிறுத்தி, போனில் மொழிபெயர்க்கிற ஆப்பைத் திறந்து விலை கேட்டார். பிள்ளைகள் டோக்கியோவுக்குப் போய்விட்டார்கள், இங்கே இருக்க ஆளில்லை, சில வீடுகளைச் சும்மாவே கொடுக்கிறார்கள் என்று பெரியவர் சொன்னதாக ஆப் சொன்னது. பொன்னுரங்கம் போனை உதறிவிட்டு மறுபடி கேட்டார். மறுபடியும் அதே பதில்.

சும்மா கிடைத்தால் ஃபினாயிலையும் குடிப்பார்கள் என்று நம் பக்கத்தில் சொல்வோம். இவருக்கோ நிலம் சும்மா கிடைக்கிறது என்றதும் தொண்டையில் தண்ணீரே இறங்கவில்லை. கப்பலுக்குத் திரும்பியபின் எதிரில் மலைபோலச் சாப்பாடு இருந்தும், தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். "விலையே இல்லாத நிலம்னா அது இன்னா ஊரு டீச்சர்? பேஜாரா கீது" என்றார். ஒரு பக்தனிடம் சாமி கிடையாது என்று சொன்னால் இப்படித்தான் உட்கார்ந்திருப்பான்.

ஜெயக்கொடி என்னை மேல்தளத்துக்குத் தனியாகக் கூப்பிட்டுப் போனாள். "ஒட்டாருலயும் இப்படித்தான் ஆவும் டீச்சர். மலைக்குப் போற வழியில ஒரு பூட்டின வூடு இல்லாமயா போவும்?" என்றாள். அவள் குரலில் அழுகை இல்லை. பழகிப்போன ஒன்றைச் சொல்கிற மாதிரி சொன்னாள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் அப்போதே அவளை இழுத்துக்கொண்டு போய் பஸ்ஸுக்குப் பெயர் கொடுத்திருப்பேன். "அவரு கோச்சுக்குவாரு" என்று கையை விடுவித்துக்கொண்டாள்.

அடுத்த துறைமுகம் ஹக்கோடாதே. மறுநாள் ஒட்டாரு.

ஹக்கோடாதே மலைச்சரிவில் எழும்பிய ஊர். டிராமில் ஏறி, செங்குத்தான தெருக்களில் நடந்தோம். திரும்பிப் பார்த்தால் கீழே துறைமுகமும் எங்கள் கப்பலும் தெரியும். அழகாகத்தான் இருந்தது, நானும் கொஞ்சம் இளகிவிட்டேன். அந்தச் சமயம் பார்த்து ஒரு சந்தின் முனையில் மரவீடு ஒன்று பூட்டிக் கிடந்தது. வாசலில் ஒரு போன் நம்பர். பொன்னுரங்கம் அதன் முன்னால் நின்ற நிற்பைப் பார்த்ததும், எங்கள் அன்றைய சுற்றுலா முடிந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

பக்கத்து வீட்டு அம்மாள் போன் செய்ய, வீட்டுக்காரரே ஒரு சின்னக் காரில் வந்து இறங்கினார். மெலிந்த, வயதான மனிதர். குனிந்து வணங்கினார். பொன்னுரங்கமும் குனிந்தார். அவர் மறுபடி குனிய, இவர் அதைவிடத் தாழக் குனிய, வணக்கத்திலேயே பேரம் தொடங்கிவிட்டது. கடைசியில் ஆப் வாயைத் திறந்தது. விலை எதுவும் வேண்டாம். ஒரே நிபந்தனை, வாங்குகிறவர் இங்கே குடியிருக்க வேண்டும். ராத்திரி விளக்கு எரிய வேண்டும், பனிக்காலத்தில் தெருவைச் சுத்தம் செய்யப் பக்கத்து வீட்டாருக்குக் கை கொடுக்க வேண்டும்.

பொன்னுரங்கம் என்னைப் பார்த்து, "கேட்டீங்களா அநியாயத்தை! குடியிருக்கணுமாம். வூட்ல குடியிருக்கறதுக்கா வூடு வாங்குவாங்க?" என்றார்.

"அப்ப வேணாம்னு சொல்லிட்டு வாங்க அண்ணா. நேரமாச்சு" என்றேன்.

"இருங்க டீச்சர். பேசினா எறங்கி வருவாரு."

விலை பூஜ்யம். அதிலிருந்து எங்கே இறங்குவது? எனவே நிபந்தனையைக் குறைக்க ஆரம்பித்தார். வருஷத்துக்கு ஒரு மாதம் இருந்தால் போதுமா? தாம்பரத்திலிருந்து ஆள் அனுப்பி விளக்குப் போடச் சொன்னால் ஆகுமா? ஒரு வருஷம் இருந்துவிட்டு வேறொருவருக்குக் கைமாற்றினால் தப்பா? அந்த மனிதர் ஒவ்வொன்றுக்கும் குனிந்து, சிரித்து, அதே நிபந்தனையைச் சொன்னார். மூன்று போகம் நெல் விளைந்த நிலத்தை மொட்டையடித்து மனை போட்ட பொன்னுரங்கத்துக்கு ஒரு மரவீட்டை மடக்க முடியவில்லை.

ஐந்து மணிக்குள் கப்பலில் ஏறியாக வேண்டும். ஜெயக்கொடி அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"நீங்க மூணு பேரும் போய்க்கினே இருங்க. நான் முடிச்சுட்டு பின்னாலயே வரேன்" என்றார்.

"கப்பல் போயிடுங்க."

"தோ, கப்பல் இங்கேர்ந்தே தெரியுது பாரு. என் கண் எதிர்லயே எங்க போயிடப் போவுது?"

நாங்கள் இறங்கிப் போனோம். என் கணவர் மட்டும் ஒவ்வொரு முக்கிலும் திரும்பிப் பார்த்து, "பாவம், தனியா விட்டுட்டு வந்துட்டோமே" என்று புலம்பினார். நான் நடையை எட்டிப் போட்டேன்.

கப்பலில் பொன்னுரங்கத்தின் பெயரை ஒலிபெருக்கியில் மூன்று முறை கூப்பிட்டார்கள். என் கணவர் ஜெபம் பண்ண உட்கார்ந்துவிட்டார். ஜெயக்கொடி போன் போட்டாள். ஸ்பீக்கரில் அவர் குரல் உற்சாகமாக வந்தது. "வூட்டுக்காரரு பாதி வழிக்கு எறங்கி வந்துட்டாரு. டீச்சரை அந்த கேப்டன் கைல பேசச் சொல்லு. ஒரு அரை மணி நேரம். சும்மா வேணாம், அவருக்கும் எதனா பாத்து செஞ்சுடலாம்னு சொல்லச் சொல்லு."

உலகத்திலேயே ஒரு கப்பல் கேப்டனுக்குக் கமிஷன் கொடுத்துப் பார்க்க நினைத்த முதல் மாடம்பாக்கத்துக்காரர் அவராகத்தான் இருப்பார். நான் பேசவில்லை.

வெள்ளை உடுப்பில் ஓர் அதிகாரி வந்தார். பொன்னுரங்கத்தின் பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுத்தால் கரையில் இருக்கும் ஏஜெண்டிடம் கொடுப்பார்கள், அவர் மறுநாள் ரயிலேறி ஒட்டாருவில் வந்து சேர்ந்துகொள்ளலாம் என்றார். பிறகு ஜெயக்கொடியின் பக்கம் திரும்பி மரியாதையாக ஒன்று கேட்டார். நான் தமிழில் சொன்னேன். "நீயும் இறங்கி அவர்கூட இருக்கியா, இல்ல கப்பல்லயே வர்றியான்னு கேக்குறார்."

"யாரை கேக்குறாரு?"

"உன்னைத்தான்."

"அவர்கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்று அவள் விரல் போனுக்குப் போயிற்று. பாதியில் நின்றது. அந்த அதிகாரியின் முகத்தைப் பார்த்தாள். அவர் அவசரப்படுத்தவில்லை, அவள் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். அவள் இறங்கினால் ஒட்டாரு போய்ச் சேரும்வரை நாளெல்லாம் ரயிலும் பிளாட்பாரமும்தான், பனி கிடையாது. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். சொல்லக் கூடாது என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன், எனக்கு அது லேசான காரியமல்ல.

"நான் எறங்கலன்னு சொல்லுங்க டீச்சர்" என்றாள்.

ஒரு பையில் அவருடைய பாஸ்போர்ட், பிரஷர் மாத்திரை, குரங்குக் குல்லா, ஒரு பொட்டலம் முறுக்கு எல்லாவற்றையும் வைத்துக் கொடுத்து அனுப்பினாள். குறையாகச் சொல்ல ஒன்றும் விடவில்லை.

கயிற்றை அவிழ்த்து, கப்பல் கரையை விட்டு ஒரு தெரு அகலம் நகர்ந்தபோது டாக்சி வந்து நின்றது. பொன்னுரங்கம் வேட்டி மடித்துக் கட்டுகிற பழக்கத்தில் பேன்ட்டைத் தூக்கிப் பிடித்தபடி ஓடிவந்தார். மேல்தளத்தில் எங்களோடு கைப்பிடிச் சுவரோரம் நின்ற வெள்ளைக்காரர்கள் கைதட்டினார்கள். அவர் ஐந்து விரலையும் விரித்துக் காட்டினார். ஐந்து நிமிஷம். கப்பல் நகர்ந்தது. இரண்டு விரலை மடக்கினார். மூன்று நிமிஷம். கப்பல் இன்னும் நகர்ந்தது. கடைசியில் ஒரே விரல் நின்றது. நான் சிரித்தேன், சிரிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். ஜெயக்கொடி சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. அவர் உருவம் சிறுத்து மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பஸ்ஸுக்கு எங்க பேரு குடுக்கணும்?" என்று கேட்டாள்.

மறுநாள் கப்பல்காரர்களின் பஸ் எங்களை ஒட்டாரு மலைமேல் கொண்டுபோய் இறக்கியது. கண்ணுக்கெட்டியவரை வெள்ளை. ஜெயக்கொடி பஸ் படியிலேயே நின்றுவிட்டாள், பின்னால் வந்தவர்கள் காத்திருந்தார்கள். அப்புறம் இறங்கினாள். ஒரு கையுறையைக் கழற்றித் தொட்டாள். ஒரு பிடி அள்ளி மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள், வாயிலும் போட்டுக்கொண்டாள். என் கணவர் "தொண்டை கட்டிக்கும்மா" என்றார். யாரும் எதிர்பார்க்காத நேரத்தில் சேலைக்குமேல் போட்டிருந்த அந்தப் பெரிய கோட்டோடு மல்லாந்து படுத்து, இரண்டு கைகளையும் விரித்தாள்.

"இத்தினி இடம் கீது டீச்சர். ஒரு எல்லைக்கல் கூட நடல பாருங்க."

அவள் கண்ணோரத்தில் நீர் வழிந்தது. நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்படியொரு சந்தோஷம் எனக்கு என் ஓய்வூதிய ஆணை வந்த நாளில்கூட இருந்ததில்லை.

பஸ் துறைமுகத்துக்குத் திரும்பியபோது பொன்னுரங்கம் கப்பல் ஏணிக்குக் கீழே நின்றுகொண்டிருந்தார். குரங்குக் குல்லா, கையில் பாதி முறுக்குப் பொட்டலம், ரயிலில் கசங்கிய முகம். எங்களைக் கண்டதும் முகத்தைச் சரிசெய்துகொண்டார். "அந்த ஆளு மசியல டீச்சர். கடைசி வரைக்கும் குடியிருக்கணும்னே சொல்லிகினு இருந்தாரு. சரி, போவட்டும்" என்றார். பிறகு மனைவியின் பக்கம் திரும்பினார்.

"நான் வர்றதுக்குள்ள மலைக்குப் போயிட்டு வந்துட்டியா?"

"ஆமா."

"எப்படி இருந்துச்சு?"

"நீங்க இல்ல. அதான் நல்லா இருந்துச்சு."

பொன்னுரங்கம் பெரிதாகச் சிரித்தார். "பாத்தீங்களா டீச்சர், ஜோக் அடிக்கிறா" என்று என் கணவரின் தோளைத் தட்டினார். எதற்கும் தலையாட்டுகிற என் கணவர் அதற்கு மட்டும் ஆட்டவில்லை. நானும் சிரிக்கவில்லை. அவர் தனியாகக் கொஞ்ச நேரம் சிரித்துப் பார்த்தார். பிறகு மனைவியின் முகத்தைப் பார்த்தார், சிரிப்பு நின்றுவிட்டது. இந்தப் பேரத்தை எங்கிருந்து குறைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

ஜெயக்கொடி ஈரமான கையுறைகளைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு, முன்னால் ஏறிப் போனாள்.